வரவேற்புத் தட்டில் எத்தனை பலகாரம்?

அந்தமான் தீவுகளின் தலைநகரில் ஷாதிபூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. போர்ட் பிளேர் என்று எல்லோரும் சொல்லி வந்த அந்த நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஷாதிபூர் மட்டும் ஷாதிபூராகவே இருக்கிறது. இந்தியில் 'ஷாதி' என்றால் கல்யாணம். ஷாதிபூர் என்றால் கல்யாண ஊர்.

ஏன் இந்தப் பெயர்? 1858ஆம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் இங்கே கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு பெண் கைதிகளும் வந்தார்கள். பல வருஷம் ஒழுங்காக நடந்துகொண்ட ஆண் கைதிக்குத் தனியாகப் பிழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். அவர் பெண்கள் சிறையில் இருக்கும் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதற்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். மாப்பிள்ளை ஒரு மாகாணம், பெண் வேறு மாகாணம் என்று பல கல்யாணங்கள் நடந்தன. அப்படி மணந்தவர்கள் குடியேறிய இடம்தான் ஷாதிபூர் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கல்யாணங்களில் விருந்து என்ன இருந்திருக்கும்? கைதியின் கையில் காசு ஏது!

இன்று அப்படி இல்லை. கல்யாணம் என்றால் செலவு. செலவு என்றால் கடன்.

ஷாதிபூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறார். மனைவி மகளிர் குழுவில் இருக்கிறார். குழுவில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு. மாலையில் சமூகக் கூடத்தில் வரவேற்பு.

சமையல்காரர் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, தட்டில் ஏழு வகை வைப்போம். மீன் கட்லெட், சமோசா எல்லாம் உண்டு. தட்டு 120 ரூபாய்தான்."

"எத்தனை பேருக்கு தம்பி?"

"60 வீட்டுக்குப் பத்திரிகை வைக்கிறீங்க. வீட்டுக்கு 5 பேர். 300 பேர்."

அம்மா நோட்டை எடுத்தார். 300 தட்டு, தட்டுக்கு 120 ரூபாய். மொத்தம் 36,000 ரூபாய். மாலைப் பலகாரத்துக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது 20,000 ரூபாய். 16,000 குறைகிறது.

"வட்டிக்கு வாங்கிக்கலாம்" என்றார் கணவர். தெரிந்தவர் ஒருவர் 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்குக் கொடுப்பார்.

அம்மா அதையும் எழுதினார். 16,000 ரூபாய்க்கு மாதம் 480 ரூபாய் வட்டி. ஒரு வருஷத்துக்கு 5,760 ரூபாய். வட்டியை மட்டும் கட்டினால் 16,000 ரூபாய் அசல் அப்படியே நிற்கும். தின்ற கட்லெட் அன்று இரவே செரித்துவிடும்.

"ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார் கணவர்.

"ஏங்க, 2020இல் கொரோனா வந்தப்போ 50 பேருக்கு மேல் கூடக் கூடாதுன்னாங்க. அப்போ நடந்ததெல்லாம் கல்யாணம் இல்லையா?"

கணவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நோட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஆட்களை எண்ணினார்கள். வீட்டுக்கு 5 பேர் என்பது குத்துமதிப்பு. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு உண்டு. இரவு வேலைக்குப் போகிறவர் உண்டு. காலையில் வந்துவிட்டு மாலையில் வராதவர் உண்டு. வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். 228 பேர் வந்தது. சொல்லாமல் வருகிறவர்களுக்கு 22 சேர்த்து 250 என்று முடிவு செய்தார்கள். இந்த ஒரு வேலையிலேயே 50 தட்டு குறைந்தது.

அடுத்தது, என்ன பலகாரம்? இங்கேதான் தீவின் கணக்கு வருகிறது. சென்னையில் இருந்து கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கடல் தாண்டித்தான் வருகின்றன. அதனால் விலை கூடும். மீன் இங்கேயே கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. வைகாசிக் கல்யாணத்துக்கு மீன் கட்லெட் போட்டால் விலை கடிக்கும்.

தீவில் விளைவது என்ன? தேங்காய், வாழை, மரவள்ளிக்கிழங்கு, பூசணி. அம்மா இப்படி எழுதினார்: ரவா கேசரி, கொண்டைக்கடலைச் சுண்டல், மரவள்ளிப் போண்டா, டீ.

சமையல்காரரைக் கூப்பிட்டு அளவு கேட்டார். 1 கிலோ ரவையில் கேசரி கிண்டினால் 50 பேருக்கு ஒரு கரண்டி வரும். 250 பேருக்கு 5 கிலோ ரவை. 1 கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் 2 கிலோவுக்கு மேல் ஆகும். சுமார் 40 பேருக்குப் போதும். ஆகவே 7 கிலோ. ரவையும் கடலையும் கெடாத சரக்கு. மழைக்கு முன்பே வாங்கி வைக்கலாம். போண்டா சின்னதாக ஆளுக்கு இரண்டு. அதற்குத் தோல் சீவிய கிழங்கு 10 கிலோ வேண்டும். தோல் போகும் என்பதால் 13 கிலோ வாங்க வேண்டும். டீ ஆளுக்கு 100 மில்லி என்றால் 25 லிட்டர். பாதி பால், பாதி தண்ணீர். 2 கிலோ பால் பவுடர் தாராளம்.

மரவள்ளியில் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் இயற்கையாகவே கொஞ்சம் விஷச் சத்து உண்டு. தோலை நன்றாகச் சீவ வேண்டும். நிறைய தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகத் தின்னக் கூடாது.

"இதுன்னா தட்டு 70 ரூபாய்க்கு முடிக்கலாம் அக்கா" என்றார் சமையல்காரர். 250 தட்டுக்கு 17,500 ரூபாய். கையில் 2,500 மிச்சம்.

ஆனால் சம்பந்தி வீட்டில் பேச வேண்டாமா? பலர் இதைத்தான் தள்ளிப் போடுகிறார்கள். கூடத்தில் வைத்து முகம் சுளிப்பதைவிட, ஒரு மாதம் முன்னால் பேசுவது நல்லது. அம்மா நோட்டோடு போனார்.

"சம்பந்தி, எங்களால் முடிஞ்சது இவ்வளவு. கடன் வாங்காமல் செய்யணும்னு நினைக்கிறோம்."

மாப்பிள்ளையின் அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஜாங்கிரி இல்லாமல் எங்க பக்கம் ஒத்துக்க மாட்டாங்க" என்றார். பிறகு அவரே, "சரி, ஜாங்கிரி எங்க செலவு" என்றார்.

மற்ற வேலைகளும் இருந்தன. பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன் எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. பாக்கு மட்டைத் தட்டு வாங்கினார்கள். தீவில் பாக்குக்கா பஞ்சம்? வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ கேஸ் சிலிண்டரைக் கல்யாணச் சமையலுக்கு வைக்கக் கூடாது. வியாபாரத்துக்கான 19 கிலோ சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். கோடையில் நகரத்தில் குழாய்த் தண்ணீர் குறையும். அதனால் தண்ணீர் வண்டிக்கு முன்னாடியே சொல்லி வைத்தார்கள். மிச்சம் இருந்த 2,500 தட்டுக்கும் தண்ணீருக்கும் போனது.

கல்யாணத்தன்று பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவும் தெலுங்குக்காரப் பெண்ணும் கிழங்கு சீவ வந்தார்கள். மூன்று பேரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். தேங்காயை முன்னாடியே துருவி வைக்கலாம் என்றார் ஒருவர். சமையல்காரர் விடவில்லை. இந்தப் புழுக்கத்தில் தேங்காய் கலந்த சுண்டல் சீக்கிரம் ஊசிப் போகும். பரிமாறும் நேரத்தில்தான் தேங்காய் சேர்க்க வேண்டும். சமைத்த பண்டத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

போண்டாவை ஒரே தடவையில் போடவில்லை. விருந்தாளிகள் ஆறு மணிக்கு ஒன்றாக வந்து நிற்பதில்லையே! முதல் ஈடு 120 பேருக்கு. கூட்டத்தைப் பார்த்து அடுத்த ஈடு. எட்டு மணிக்குக் கூட்டம் குறைந்தது. கடைசி ஈட்டைச் சுடவே இல்லை. மாவும் எண்ணெயும் மிச்சம்.

மறுநாள் அம்மா நோட்டில் எழுதினார்: வந்தவர்கள் 236. பலகாரக் கடன் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு 160 பேர் வருகிறார்கள். சுண்டலுக்கு எத்தனை கிலோ கடலை வேண்டும்?
2. 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் வட்டி. 8,000 ரூபாய் வாங்கினால் ஒரு வருஷ வட்டி எவ்வளவு?
3. உங்கள் ஊரில் வைகாசி மாதத்தில் மலிவாகக் கிடைக்கும் பொருள்கள் எவை? எழுதுங்கள்.