பிளக் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

13 ஆம்பியர் மூன்று கால் பிளக் சின்னச் சாமான்தான். ஆனால் போலியாக இருந்தால் வாங்கியவர் வீடே எரிந்து போகும்.

கொள்முதலுக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். நல்ல பிளக்கின் கால்கள் பித்தளை, காந்தம் ஒட்டாது. ஒட்டினால், இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு கால்களைக் கவனியுங்கள். சிறிய இரண்டு கால்களின் அடியில் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். பெரிய எர்த் காலில் இருக்கக் கூடாது. அதிலும் உறை போட்டால் எர்த் தொடர்பு கிடைக்காமல், கசியும் மின்சாரம் சாமானைத் தொடுகிறவர் மேல் பாயும். போலி செய்கிறவனுக்கு இது தெரியாது போலும். மூன்றுக்கும் ஒரே மாதிரி மாட்டி விடுகிறான்! உள்ளே ஃபியூஸ் இல்லாததும் உண்டு.

மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் கேளுங்கள். முத்திரையையும் அச்சடித்து விடுவார்கள். ஆகையால் அதிலுள்ள எண்ணைச் சரிபார்க்கவும்.

“பெட்டியில் வந்ததை விற்றேன்” என்று நாம் சொல்ல முடியாது. தானியம் மழையில் நனைந்துவிட்டது என்றவரிடம், ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள்.

பில்லில் மார்க்காவும் மாடல் எண்ணும் எழுதித் தராத மொத்த வியாபாரியிடம் ரொக்கம் கொடுக்காதீர்கள்.