பெண்டு எடுத்த ஆக்சிலுக்குப் புது ஆக்சில் விலை

கேள்வி: வக்கீல் ஐயா, திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு குட்டி யானை சரக்கு வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். நிட்டிங்கில் இருந்து டையிங்குக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி ரோல் ஏற்றுவதுதான் பிழைப்பு. ஏற்றி இறக்க மச்சான் மகன் கூட வருவான். மூன்று மாதம் முன்பு பள்ளத்தில் இறங்கி, பின் ஆக்சில் பெண்டு ஆகிவிட்டது. "பெண்டு எடுத்தா நிக்காது, புதுசு போட்டிரலாம்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். ஆக்சில், பேரிங், ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் சக்கரம் ஆடியது. ஆயில் கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிட்டது. பல்லடத்தில் வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்து, "இது உங்க பழைய ஆக்சில்தாண்ணா. சூடு காட்டி பெண்டு எடுத்து, பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்றார். பெயிண்டைச் சுரண்டினால் நீலம் பாய்ந்த தடம் தெரிகிறது. பழைய ஒர்க்‌ஷாப்புக்கே வண்டியைக் கொண்டுபோய்க் கேட்டேன். "ஓவர்லோடு அடிச்சா எந்த ஆக்சிலும் வளையும்" என்றார்கள். என்னைக் கேட்காமலே கழற்றிப் போட்டுவிட்டு, 4,000 ரூபாய் கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாதாமே?

பதில்: அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது.

வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) விலக்குத் தருகிறது. இதற்கு அடித்தளமான தீர்ப்பு உங்கள் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டதுதான்: கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிய இயந்திரம் பற்றி லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கு. 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆனால், பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் அதே தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. ஆகவே மச்சான் மகன் கூட வருவதால் பாதகமில்லை. நாலு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுபவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஒரு நுணுக்கம் உண்டு. பழைய சட்டத்தில் இந்த விலக்கு பொருளுக்கும் சேவைக்கும் சேர்த்து இருந்தது. புதிய சட்டத்தின் விளக்கம் "பொருள்" என்று மட்டுமே சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார். எனவே மனுவில் "ரிப்பேர் சரியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "புதியது என்று விலை வாங்கிக்கொண்டு பழைய ஆக்சிலை விற்றார்" என்று ஆரம்பியுங்கள். புதுப்பித்த அல்லது பழைய பொருளைப் புதியது என்று சொல்வது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முறையான பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. ஆகவே பில் இல்லையே என்று நீங்கள் கலங்க வேண்டாம். ஜிபே பதிவும் துண்டுச் சீட்டும் போதும்.

ஓவர்லோடு என்ற வாதம் கொஞ்சம் கூர்மையானது. திருப்பூரில் துணி கிலோ கணக்கில் நகர்கிறது. ஒவ்வொரு நடைக்கும் டெலிவரி சலானில் எடை இருக்கும். ஈரத் துணி ஏற்றியிருந்தால் எடை இன்னும் கூடும். ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் ஓட்டியிருந்தால் அந்தச் சலான்களே உங்கள் சாட்சி. மீறியிருந்தால் அவை உங்களுக்கே எதிராகத் திரும்பும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-இன்படி அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆக்சில் ஏன் வளைந்தது என்ற கேள்விக்குத்தான் ஓவர்லோடு பதிலாகும். புதியதற்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதை ஏன் மாட்டினீர்கள் என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல.

வண்டியைப் பிடித்து வைக்கலாமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இன்படி, செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்திருக்க ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் வேலைக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் சம்மதிக்காமல் கழற்றிப்போட்ட வேலைக்கு அந்த உரிமையைக் கோருவது கடினம். அதற்காக டூப்ளிகேட் சாவியோடு ஆள் சேர்த்துக்கொண்டு போய் வண்டியை எடுத்துவிடாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். ஒப்புகையுடன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வண்டியைத் திருப்பித் தரவும், கழற்றிய ஆக்சிலை வெட்டாமல், விற்காமல் அப்படியே வைத்திருக்கவும் கேளுங்கள். பல்லடம் மெக்கானிக்கிடம் அவர் கண்டதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். பெயிண்ட் சுரண்டிய இடத்தைப் படம் எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல ஒர்க்‌ஷாப்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

வராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேளுங்கள்: வண்டியை விடுவிக்கவும், ஆக்சிலைப் பரிசோதனைக்கு அனுப்பவும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38 இரண்டுக்கும் இடம் தருகிறது. 9,800 ரூபாயோடு, வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பையும் கேட்கலாம்; முந்தைய மாதங்களின் சலான்களும் பாஸ்புக்கும் அதற்குக் கணக்குக் காட்டும்.

இனி எந்த ஒர்க்‌ஷாப்பில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். பழையது உங்களிடம் இருந்தால், அதையே திரும்ப மாட்ட யாராலும் முடியாது.