கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பிடிக்கும் பூசணம்

நாலு நாள் விடாமல் மழை பெய்தால் லயத்துச் சுவரில் பூசணம் பிடித்துவிடும். மறந்து வைத்த பாணிலும் பிடிக்கும். தேயிலைக் கொழுந்தில் வருகிற கொப்புள நோயும் இதே கூட்டம்தான். 1946இல் அது இலங்கைத் தோட்டங்களில் தலைகாட்டியது. அதன் பின் செம்பு மருந்து அடித்து அதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறோம். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பங்கசு என்று பெயர். காளானும் பங்கசுதான்.

இவ்வளவு தொல்லை தருகிற பங்கசைக் கொண்டு தண்ணீரைச் சுத்தம் செய்யலாமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். அதுவும் சாதாரண அழுக்கை அல்ல. நனோ துணிக்கை என்னும் மிகமிகச் சிறிய தூசியைப் பிடிக்கத்தான் இந்த முயற்சி.

அது எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். 1 முதல் 100 நனோமீற்றர் வரை உள்ள துணுக்கை நனோ துணிக்கை என்கிறோம். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். வயிற்றோட்டக் கிருமிகூட ஆயிரம், இரண்டாயிரம் நனோமீற்றர் இருக்கும்.

பழைய சேலைத் துணியில் தண்ணீரை வடிகட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அது வீண் பழக்கம் அல்ல. பங்களாதேசக் கிராமங்களில் சேலையை மடித்து வடிகட்டியபோது வாந்திபேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தக் கிருமி ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளைத் துணி தடுத்துவிடுகிறது. ஆனால் அப்படி மடித்த துணியின் கண்ணும் 20,000 நனோமீற்றர் அகலம். நனோ துணிக்கைக்கு அது பெரிய வாசற்படி மாதிரி.

சரி, கொதிக்க வைத்தால்? கிருமி சாகும். உலோகத் தூசி சாகாது, ஆவியாகிப் போகவும் மாட்டாது.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். மனிதன் வேண்டுமென்றே செய்கிறான். வெள்ளியை நனோ அளவில் பொடித்தால் கிருமியை நன்றாகக் கொல்லும். அதனால் நாற்றம் வராத காலுறை என்று விற்கும் சிலவற்றில் அதைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008இல் ஆறு வகைக் காலுறைகளைக் கழுவிப் பார்த்தார்கள். சில வகைகளில் நாலு தரம் கழுவுவதற்குள் வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. கழுவிய தண்ணீர் கானுக்குப் போகும், கான் ஆற்றுக்குப் போகும். கெட்ட கிருமி எது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் நன்மை செய்கிற கிருமி எது என்று வெள்ளிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இனிப் பங்கசின் வேலையைப் பார்ப்போம். பூசணத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் நூல் நூலாக இருக்கும். அந்த இழையின் வெளிச்சுவரில் கைற்றின் என்ற பொருள் உண்டு. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. இந்தச் சுவரில் உலோகம் ஒட்டிக்கொள்ள ஏராளமான இடம் இருக்கிறது. பங்கசு வெளியே விடும் புரதங்களும் தூசியைச் சுற்றிப் பிடிக்கும். சில பங்கசு ஒட்சாலிக்கமிலம் என்ற புளிப்பான பொருளைச் சுரந்து, செம்பைக் கரையாத உப்பாக மாற்றி வைக்கும். செம்பு மருந்து ஏற்றிய மரக்கட்டையையும் சில பூசணங்கள் உளுத்துப்போகச் செய்வதற்கு இந்தத் தந்திரமும் ஒரு காரணம்.

ஜேர்மனியில் ட்ரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் தங்கம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் நனோ துணிக்கை கலந்த நீரில் பங்கசை வளர்த்துப் பார்த்து, அதை 2008இல் எழுதினார்கள். துணிக்கைகள் இழையைச் சுற்றிச் சட்டை போட்ட மாதிரிப் படிந்துவிட்டன. அவர்கள் நோக்கம் தண்ணீர் சுத்தம் அல்ல, வேறு இரசாயன வேலை. ஆனாலும் இழை தூசியைப் பிடிக்கும் என்பது அதில் கண்கூடாகத் தெரிந்தது.

இதில் இன்னொரு வசதி உண்டு. கறுப்புப் பூசணம் ஒன்று இருக்கிறது, பெயர் அஸ்பர்ஜிலஸ் நைகர். (இனிப்புச் சோடாவில் போடும் சித்திரிக்கமிலத்தை நூறு வருடத்துக்கு மேலாக இதைக் கொண்டுதான் தொழிற்சாலைகளில் செய்கிறார்கள்.) இதைத் தண்ணீரில் குலுக்கிக் குலுக்கி வளர்த்தால் ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக வளரும. எந்தத் துணிக்கும் அகப்படாத தூசி அந்த உருண்டையில் ஒட்டிக்கொண்டால், பிறகு உருண்டையைச் சாதாரண வடியாலேயே அள்ளிவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பங்கசு சில நஞ்சுகளை உண்மையிலேயே உடைத்துப் போடும். விறகை வெள்ளையாக உளுத்துப்போகச் செய்கிற ஒரு பூசணம் டி.டி.ரி.யை உடைக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் காட்டினார்கள். டி.டி.ரி. பல அணுக்கள் சேர்ந்த பொருள், அதனால் பிரிக்க முடிகிறது. வெள்ளியும் செம்பும் மூலகங்கள். அவற்றை எந்தப் பூசணமும் பிரித்து இல்லாமல் ஆக்க முடியாது. தண்ணீரில் இருந்தது இப்போது பூசணத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பூசணத்தை அள்ளி ஆற்றங்கரையில் கொட்டினால், அது அழுகும்போது பிடித்ததைத் திரும்பவும் விட்டுவிடும்.

"அப்ப நம்ம பீலித் தொட்டியில கொஞ்சம் காளானைப் போட்டா தண்ணி சுத்தமாயிருமா?" என்று யாராவது கேட்டால், "வேண்டாம்" என்று உடனே சொல்லுங்கள். இது பெரும்பாலும் ஆய்வுகூடத்து வேலை. ஆற்றுத் தண்ணீரில் பங்கசுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், மற்றக் கிருமிகள் அதோடு போட்டி போடும், தண்ணீரின் புளிப்பு மாறினால் ஒட்டியதும் கழன்றுவிடும். கறுப்புப் பூசணத்தின் வித்துகள் நெஞ்சுநோய்க்காரருக்கு ஆகாது. மேலும் நம் பீலிக்கு இன்றைக்குள்ள முதல் ஆபத்து நனோ தூசி அல்ல. மேலே உள்ள கக்கூசிலிருந்து கசிவதும், மருந்து டாங்கி கழுவிய தண்ணீருமே. செம்பு மருந்து மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு. டாங்கியை ஓடையில் அலசாமல், பீலிக்கும் ஓடைக்கும் தூரத்தில் கழுவச் சொல்லி மருந்தடிக்கும் ஆட்களிடம் பேசுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதை விடாதீர்கள்.

மழைக்குப் பிறகு காளான் பிடுங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. உலோகத்தை உறிஞ்சுகிற அந்தக் குணம் சாப்பிடுகிற காளானுக்கும் உண்டு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு ஐரோப்பியக் காடுகளில் பல வருடங்களுக்குக் காளானில் கதிரியக்கம் இருந்தது. அதனால் நல்ல காளான்தான் என்று அடையாளம் தெரிந்தாலும், பழைய பற்றரியும் தகரமும் கொட்டுகிற குப்பைமேட்டிலோ, மருந்து கலக்குகிற இடத்துக்குப் பக்கத்திலோ முளைத்திருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். கழுவினாலும் சமைத்தாலும் உள்ளே போன உலோகம் முழுதாக வெளியே வராது.