கம்பனி பல வந்தால் கரண்ட் பில் குறையுமா?

மின்சார சபையைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஒரு நம்பிக்கை வலுத்து வருகிறது. கைபேசிக்கு டயலொக்கா மொபிடெல்லா என்று தெரிவு செய்வதுபோல இனிக் கரண்டுக்கும் கம்பனியைத் தெரிவு செய்யலாம், போட்டி வந்தால் விலை தானாக இறங்கும் என்பதே அது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதற்கு 2025இல் வந்த திருத்தமும் செய்வது வேறு. 1969 முதல் பெரும்பாலும் ஒரே சபையின் கையில் இருந்த உற்பத்தி, செலுத்துகை, விநியோகம், எந்த நிலையம் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் முறைமை இயக்கம் ஆகிய வேலைகளை வெவ்வேறு அரச கம்பனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உங்கள் ஒழுங்கையால் போகிற லைன் ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் தூண் நட்டுப் போட்டிக்கு லைன் இழுக்கப் போவதில்லை. மீற்றரும் ஒன்று, பில்லும் ஒன்று, அதில் அச்சாகும் அலகுக் கட்டணத்துக்கு அனுமதி கொடுப்பது முன்போலவே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுதான்.

அப்படியானால் போட்டி எங்கே இருக்கிறது? விற்பவர்கள் பலர், வாங்குபவர் ஒருவர் என்ற அந்த ஒரு வாசலில் இருக்கிறது. தனியார் காற்றாலையும் எண்ணெய் நிலையமும் தங்கள் மின்சாரத்தை வீடுகளுக்கு விற்பதில்லை. பழைய அமைப்பில் மின்சார சபைக்கு விற்றார்கள், புதிய அமைப்பில் அந்தக் கொள்வனவு முறைமை இயக்குநரின் பொறுப்பு. காற்றாலை ஒப்பந்தம் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு. கையெழுத்தாகும் நாளிலேயே விலையும் முடிவாகிவிடுகிறது. அதற்கு முன் கேள்விப்பத்திரம் கோரினார்களா என்பதில்தான் போட்டியின் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைக்க அதானி நிறுவனத்துக்கு 2024 மே மாதத்தில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். கேள்விப்பத்திரம் இல்லாமலே அந்தத் திட்டம் அந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. மன்னாரிலேயே 50 மெகாவாற்றுக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது ஹேலிஸ் ஃபென்டன்ஸ் கொடுத்த விலை 4.65 சதம். ஒன்று பெருந்திட்டம், மற்றது சிறியது, லைன் இழுக்கும் செலவும் முதலீட்டின் அளவும் ஒன்றல்ல, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பெருந்திட்டம் என்றால் அலகு விலை குறைய வேண்டும் என்பதுதானே பொதுவான கணக்கு? இங்கே அது தலைகீழாக நின்றது. அதானி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டதால் அந்தக் கணக்கைப் பில்லில் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை, நல்ல காலம்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஏ9 வீதியால் பளையைக் கடக்கும்போது காற்றாலைகள் சுழல்வது தெரியும். 2014 டிசம்பரில் ஓடத் தொடங்கிய, ஒவ்வொன்றும் 10 மெகாவாற் கொண்ட இரண்டு தனியார் நிலையங்கள் அவை. எங்கள் காற்றில் பிறக்கிற கரண்ட், எங்களுக்குச் சகாயமாகக் கிடைக்க வேண்டாமா என்ற கேள்வியில் நியாயமான ஆதங்கம் இருக்கிறது. ஆனால் பிறந்த இடத்துக்கேற்ற விலை என்பது இருபக்கமும் வெட்டும். போர்க்காலத்தில் நாட்டின் மின்வலையமைப்போடு தொடர்பு அறுந்து, குடாநாடு எண்ணெய் ஜெனறேற்றர்களை நம்பிக் கிடந்தது. கிளிநொச்சி வழியாக 132 கிலோவோல்ற் லைன் சுன்னாகத்துக்கு வந்த பிறகே அந்தத் தனிமை தீர்ந்தது. அவ்வளவு காலமும் உற்பத்திச் செலவையே விலையாகக் கேட்டிருந்தால் எத்தனை வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்? நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் வலையமைப்புக்கு வெளியே டீசலில் வாழப் பழகியவை. கொழும்பில் வாழ்பவரும் நெடுந்தீவில் வாழ்பவரும் ஒரே கட்டண அட்டவணையில் இருப்பதற்குக் காரணம், நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்ற ஏற்பாடு. தீவுகளைத் தனிச் சந்தையாக விட்டால் முதலில் அடிபடுவது அந்த மக்கள்தான். காற்றாலையால் பிரதேசத்துக்குப் பங்கு வேண்டுமென்றால் அதைக் காணி வாடகையிலும் பிரதேச சபைகளுக்கான வருமானத்திலும் கேட்பதே சரி, அலகு விலையில் அல்ல.

லண்டனில் உறவினர் கம்பனி மாற்றுகிறாரே என்பது வலுவான எதிர்வாதம். பிரித்தானியாவில் 1999 முதல் எல்லா வீடுகளுக்கும் அந்தத் தெரிவு உண்டு. ஆனால் அவர் மாற்றுவது பில் அனுப்புபவரை மட்டுமே. லண்டனில் லைன் யூகே பவர் நெற்வேர்க்ஸ் நிறுவனத்துடையது, யாரிடம் வாங்கினாலும் அதன் கட்டணம் பில்லுக்குள் இருக்கும். 2021இல் எரிவாயு விலை ஏறியபோது ஏறத்தாழ 30 விற்பனைக் கம்பனிகள் விழுந்தன. அவற்றில் பல்ப் என்ற ஒன்றுக்கே 15 இலட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர். விழுந்த கம்பனிகளின் வாடிக்கையாளர்களை வேறிடம் மாற்றிய செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது. அதற்கு முன்பே, 2019இல், விலைக்கு உச்சவரம்பு போட வேண்டி வந்தது. கடையில் போட்டி இருந்தும் மொத்த விலை எரிவாயுவின் கையில் இருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்?

கூரையில் சூரியப் படல் போட்டவர்கள் தாங்கள் ஏற்கனவே சந்தையில் விற்பனையாளர்கள் என்று நினைக்கலாம். அவர்களுக்குக் கிடைப்பது அரசு நிர்ணயித்த விலை: 2016இல் தொடங்கிய திட்டத்தில் முதல் 7 ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா, பிறகு 15.50. உண்மையான போட்டிச் சந்தையில் நடுமதிய வெயிலில் எல்லோரும் ஒன்றாக விற்க வரும்போது விலை சரியும். ஜேர்மனியில் அது பூச்சியத்துக்குக் கீழேயும் போவதுண்டு. மாலை ஏழு மணிக்குத் தேவை உச்சத்துக்கு ஏறும் நேரம் படலிடம் விற்க ஒன்றுமிருக்காது, பற்றறி வைத்திருப்பவருக்கே விலை கிடைக்கும்.

புதிய சட்டம் படிப்படியாகப் போட்டிச் சந்தைக்கும் இடம் வைத்திருப்பது உண்மை. அதன் முதற் பயனாளிகள் மொத்தமாக வாங்கும் தொழிற்சாலைகளாக இருப்பார்களே தவிர, மாதம் 60 அலகு எரிக்கும் வீடு அல்ல. அந்த வீட்டுக்கு இருக்கும் வழி, கட்டணத் திருத்தம் முன்வைக்கப்படும்போது ஆணைக்குழு எழுத்திலும் வாய்மொழியாகவும் கேட்கும் பொதுமக்கள் கருத்து. அடுத்த முறை அங்கே போகிறவர்கள் கட்டணத்தைக் குறையுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். எந்த நிலையத்திடம் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், அதற்குக் கேள்விப்பத்திரம் கோரினீர்களா என்றும் எழுதிக் கொடுங்கள்.