கல்யாண தீர்த்தம் கற்பிக்கும் பாடம்

பொதிகை மலையில் பிறந்து, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஆகும். இதில் பெரும்பகுதி வயலும் ஊரும் சூழ்ந்த சமவெளிப் பயணமே. பாபநாசத்துக்கு மேற்கே உள்ள சிறு பகுதியில்தான் ஆறு பாறைகளுக்கிடையே ஒடுங்கி, உருண்டு, அருவியாய் விழுகிறது. நம் மாவட்டத்தார் பிள்ளைகுட்டிகளுடன் சென்று நீராடி மகிழும் இடம் இது. நிலநூலும் இயற்பியலும் வரலாறும் ஒரே வழியில் கற்கத்தக்க இடமும் இதுவே. அவ்வழியே நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

வழி

நெல்லையிலிருந்து சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் செல்லலாம். நவகைலாயங்களுள் முதலாவதான பாபநாசநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது. அதற்கு மேல் சாலை மலை ஏறத் தொடங்குகிறது. வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்து சென்றால் அகத்தியர் அருவி. அருவியின் பக்கத்தில் உள்ள படிகளில் ஏறினால் கல்யாண தீர்த்தத்தை அடையலாம். சிவபெருமானின் திருமணக் கோலத்தை அகத்தியர் கண்ட இடம் என்பது தலபுராணம். சிறுவரும் முதியவரும் அங்கங்கே அமர்ந்து இளைப்பாறி ஏறக்கூடிய ஏற்றமே இது. களைப்பு இங்கே பகையன்று. உண்மையான பகை எது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பாறையும் நீரும்

இம்மலைத்தொடரில் சார்னோக்கைட்டு, நைசு போன்ற மிகப் பழைய கடினப் பாறைகள் காணப்படுகின்றன. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற அறிஞர், 1893-ஆம் ஆண்டு அவர் பெயரையே அப்பாறை வகைக்கு இட்டார்.

இத்துணைக் கடினமான பாறையை நீர் எவ்வாறு குடைகிறது? நீர் தனியே செய்வதில்லை. பாறையில் உள்ள வெடிப்புகளைப் பற்றிக்கொண்டு, மணலையும் கூழாங்கல்லையும் கருவியாக வைத்துக்கொண்டு செய்கிறது. சுழலில் சிக்கிய கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, ஆட்டுரலில் குழவி சுழல்வது போல், பாறையில் குழி பறிக்கிறது. நிலநூலார் இதனைக் குடக்குழி என்பர். அருவி விழும் அடிவாரத்திலோ, விழும் நீரின் விசையால் பெரும் பள்ளம் உண்டாகிறது. நம் பக்கத்து மக்கள் 'கசம்' என்று அஞ்சும் ஆழம் இத்தகையதே. மேலே நீர் அமைதியாகத் தோன்றும். அடியில் ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும்.

குறுகிய இடத்தின் கணக்கு

நம் இயற்பியல் வகுப்பில் படிக்கும் ஒரு விதியை இங்கே நினைவுகூர்வோம். ஓடும் நீரின் அளவு மாறாதிருக்கையில், வழியின் குறுக்குப்பரப்புக் குறைந்தால் வேகம் கூடும். எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் கொண்ட ஓடையில் நீர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அந்நீர் முழுவதும் 1 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள பாறை இடுக்கில் புகுந்தால், அதன் வேகம் வினாடிக்கு இரண்டரை மீட்டர் ஆகிவிடும். அதாவது ஐந்து மடங்கு. ஓடும் நீர் நம் காலைத் தள்ளும் விசையோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது 25 மடங்காகிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை சிந்திக்கத்தக்கது. அகன்ற இடத்தைக் கண்டு அஞ்சுகிறோம். 'ஒரே தாவலில் தாண்டிவிடலாம்' என்று குறுகிய இடத்தைக் கண்டு துணிகிறோம். ஆனால் பாறையாற்றில் குறுகிய இடமே பெரும்பாலும் விரைவும் ஆழமும் மிகுந்த இடம். அதன் விளிம்பில் பாசியும் படர்ந்திருந்தால், தாவுவதற்கு ஊன்றும் கால் அங்கேயே வழுக்கிவிடும்.

1925-ஆம் ஆண்டின் துயரம்

இவ்வுண்மையை ஏட்டுக் கணக்கு என்று எவரும் தள்ளிவிட முடியாது. விடுதலை வீரரும், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவருமான வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி வந்தார். 1925 ஜூன் மாதத்தில் இந்தப் பாபநாசம் அருவிப் பகுதியில், நீரில் சிக்கிய தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முயன்றபோது அவரும் மூழ்கி இறந்தார். தந்தை, மகள் இருவரையும் ஒரே நாளில் இழந்தோம். அப்போது ஐயருக்கு வயது 44 தான்.

அச்சம் அறியாத நெஞ்சும் பாசமும் மட்டும் நீரின் விசையை வெல்லப் போதா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நீரில் விழுந்தவரைக் காக்கக் குதிப்பது இயல்பான உணர்ச்சி. எனினும் கரையில் நின்றபடியே கயிறோ, நீண்ட கழியோ, முறுக்கிய வேட்டியோ நீட்டுவதே இருவர் உயிரையும் காக்கும் வழி. அருவியடியில் காற்றுக் குமிழிகள் கலந்த நுரைநீர் உடலை நன்கு தாங்குவதில்லை. ஆகவே நீச்சல் வல்லவரும் அங்கே ஏமாந்துவிடுகின்றனர்.

மேலே பெய்யும் மழை

ஐயர் காலத்தில் இங்கே அணை இல்லை. மேலே காரையாற்றில் கட்டப்பட்ட பாபநாசம் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 143 அடி. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே இன்று ஆற்றின் நீர் மழையை மட்டுமன்றி, அணையிலிருந்து திறந்துவிடப்படும் அளவையும் பொறுத்தது. நாளிதழில் வரும் அணை நீர்மட்டச் செய்தி உழவருக்கு மட்டும் உரியதன்று. அருவிக்குச் செல்வோரும் பார்க்கவேண்டியது.

அணையில்லாத ஓடைகளில் ஆபத்து இன்னும் விரைந்து வரும். தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுப் பகுதியில், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலைமுகட்டில் பெய்த மழை சிறிது நேரத்தில் நம்மை வந்தடையும்.

குடும்பத்தோடு செல்வோர் கவனத்திற்கு

நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பக் கூடாது. குளிப்பதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே குளிக்க வேண்டும். கல்யாண தீர்த்தத்தைக் கண்ணால் கண்டு வணங்குவதோடு நிற்பதே அறிவுடைமை. காலை வேளையில் சென்று பொழுதிருக்கத் திரும்புவது நலம். இது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதி. எனவே வனத்துறையார் தடை விதிக்கும் நாளில் அத்தடையை மதித்து, வேறொரு நாள் செல்லலாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் தருவதும், பழந்துணிகளை ஆற்றில் விடுவதும் நாம் அறவே விடவேண்டிய பழக்கங்கள்.

முடிவுரை

அருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்குமாறு சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறந்த மண்ணின் ஆற்றை அதன் தொடக்கத்தில் காணாத நெல்லை மாணவன் ஒரு பாடத்தைத் தவறவிட்டவனே. தம்பி தங்கையரை அழைத்துச் செல்வோம், குடக்குழியைக் காட்டுவோம், ஐயரின் கதையைச் சொல்வோம். எங்கே நீராடலாம், எங்கே நின்று பார்ப்பதோடு அமையவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். வகுப்பறையில் கற்ற விதி ஒரு குழந்தையின் கையை உரிய நேரத்தில் பற்றி இழுக்க உதவுமானால், கல்வியின் பயன் அதுவே.