வந்தாரைப் பேணுதல்

சென்னையில் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் இடையே, அடையாற்றின் குறுக்கே மறைமலை அடிகள் பாலம் அமைந்துள்ளது. அவ்விடத்தில் 1726ஆம் ஆண்டிலேயே ஒரு பாலம் எழுந்தது. அதனைக் கட்டுவித்தவர் அரசரும் அல்லர், ஆளுநரும் அல்லர், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். வாணிகத்தின்பொருட்டு வந்து, இந்நகரையே தம் ஊராகக் கொண்ட அவர், தம் சொந்தப் பொருளால் அதனை அமைத்தார். அம்மட்டோ! பாலம் பழுதுறாமல் காப்பதற்கெனத் தனியே பொருளும் ஒதுக்கினார். கட்டுதல் பாதிப் பணி. காத்தல் மறுபாதி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வுண்மை தொழில் வளர்ச்சிக்கும் பொருந்தும். வெளிநாட்டாரை முதலீடு செய்ய அழைத்தல் முதற்படியே. நிலம் அளித்து, ஒப்பந்தம் எழுதி, அடிக்கல் நாட்டியவுடன் கடமை முடிந்ததென எண்ணுதல் பிழை. ஆலை எழுந்த பின்னரே இடர்கள் தலைகாட்டும். மின்சாரம் தடைப்படலாம், துறைமுகத்தில் சரக்குத் தேங்கலாம், வரிவிதிகளில் ஐயம் எழலாம், தேர்ந்த தொழிலாளர் கிடைக்காமற்போகலாம். நம் மொழியும் நடைமுறையும் அறியாதவர் யாரிடம் சென்று முறையிடுவர்? அவர்க்குத் துணைநின்று குறை களைதல் அழைத்தவரின் கடமையாகும்.

தென்கொரிய நாடு இக்கடமையை நன்கு உணர்ந்தது. அயல்நாட்டு முதலீட்டாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கென 1999ஆம் ஆண்டில் அங்கே தனி அலுவலகம் தோன்றியது. சட்டம், வரி, தொழிலாளர் நலம் முதலிய துறைகளில் வல்லவர்கள் அதில் பணியாற்றுகின்றனர். அவர்களை ‘வீட்டு மருத்துவர்’ என்றே அழைக்கின்றனர். நோய் முற்றுமுன் நாடி பார்ப்பவர் அல்லரோ குடும்ப மருத்துவர்!

தமிழ்நாட்டிலும் முதலீட்டாளர்க்கு உதவுதற்கென 1992ஆம் ஆண்டில் வழிகாட்டி நிறுவனம் நிறுவப்பட்டது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் ஆலை அமைத்து, 1998ஆம் ஆண்டில் தன் முதற்காரை வெளியிட்டது. 2008ஆம் ஆண்டில் இரண்டாம் ஆலையையும் திறந்தது. 2023ஆம் ஆண்டில், பத்தாண்டுகளில் மேலும் 20,000 கோடி ரூபாய் முதலிட அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வந்தவர் நிலைத்துத் தழைப்பின், முதலீடும் வேலைவாய்ப்பும் பெருகும் என்பதற்கு இதுவே சான்று. அந்நாட்டார் பலர் சென்னையில் குடும்பத்துடன் வாழ்கின்றனர். அடையாற்றின் அருகே 2006ஆம் ஆண்டில் தோன்றிய இன்கோ மையம் இருநாட்டுப் பண்பாடுகளையும் இணைக்கிறது. தமிழ் இளைஞர் அங்கே கொரிய மொழி பயில்கின்றனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு முதல் இயங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை பல்லாயிரம் குடும்பங்களை வாழ்வித்தது. பின்னர் வரி வழக்கு மூண்டது. ஆலையைக் கைமாற்ற இயலாத நிலை ஏற்பட்டது. 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. நாள்தோறும் ஆலைப் பேருந்துக்குக் காத்துநின்ற இளம்பெண்கள் வேலையின்றி ஊர் திரும்பினர். வரி கேட்டல் அரசின் உரிமை. வழக்காடுதல் நிறுவனத்தின் உரிமை. எனினும், பூசல் முற்றுமுன் பேசித் தீர்க்க வழியின்றேல், துன்புறுவோர் தொழிலாளரே.

பேணுதல் என்பது சட்டத்தைத் தளர்த்துதல் அன்று. வரியும் கூலியும் தொழிலாளர் உரிமையும் எவர்க்கும் விலக்காகா. விதியைத் தெளிவாக உரைத்தலும், சொன்ன சொல்லைக் காத்தலும், காலந்தாழ்த்தாது தீர்ப்பளித்தலுமே உண்மையான பேணுதலாகும்.

மயிலாப்பூரில் வாழ்ந்தவர் எனப் போற்றப்படும் திருவள்ளுவர், விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வாயிலில் நின்று வரவேற்பது மட்டும் விருந்தோம்பல் ஆகாது. வந்தவர் மனம் நிறைந்தாலன்றி அடுத்த விருந்தினர் அவ்வாயிலை நாடார். வீட்டுக்குரிய இவ்வறமே நாட்டுக்கும் உரியதாகும்.