வாரின் அளவும் வண்டியின் வேகமும்

நுழையும்முன்

கியர் மாற்றும் நெம்புகோலும் கிளட்ச் பிடியும் இல்லாத ஸ்கூட்டர்கள் இன்று தெருவெங்கும் ஓடுகின்றன. கைப்பிடியைத் திருகினால் போதும். வண்டி தானே வேகத்தை மாற்றிக்கொள்கிறது. இந்த எளிமைக்குப் பின்னால் இருப்பது ஒரு ரப்பர் வார். அதன் நீளமும் அகலமும் கோணமும் பொருந்தினால்தான் வண்டி நன்றாக இழுக்கும். அவ்வளவைக் கணக்கிட்டு அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு கப்பிகள், ஒரு வார்

சி.வி.டி. எனப்படும் தொடர்மாற்று வேக அமைப்பில் இரண்டு கப்பிகள் உள்ளன. பட்டறைகளில் இவற்றைப் புல்லி என்பர். முன்கப்பி எஞ்சினின் வணரித்தண்டில் பொருத்தப்பட்டது. பின்கப்பி பின்சக்கரத்திற்கு விசையைக் கொண்டுசெல்வது. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக நிற்கும் இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் வார் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் மையத்தை நோக்கி இறங்கும்.

எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது முன்கப்பியின் தட்டுகள் விலகியிருக்கும். பின்கப்பியின் தட்டுகளைச் சுருள்வில் நெருக்கி வைத்திருக்கும். அப்போது முன்னே சிறுவட்டம், பின்னே பெருவட்டம். ஆகவே இழுவை மிகுதி, வேகம் குறைவு. எஞ்சினின் சுழற்சி கூடக்கூட, முன்கப்பிக்குள் இருக்கும் உருளைகள் மையவிலக்கு விசையால் வெளிநோக்கி நகர்ந்து தட்டுகளை நெருக்குகின்றன. வார் முன்கப்பியில் மேலேறுகிறது. வாரின் நீளம் மாறாதாகையால், அது பின்கப்பியின் சுருள்வில்லை வென்று அங்கே கீழிறங்குகிறது. முன்னே பெருவட்டம், பின்னே சிறுவட்டம் ஆகிறது, வேகம் கூடுகிறது.

தெரியுமா?

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரைச் சேர்ந்த டாஃப் நிறுவனம், 1958ஆம் ஆண்டு டாஃப் 600 என்னும் சிறு மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. ஹூப் வான் டோர்ன் உருவாக்கிய ‘வேரியோமேட்டிக்’ என்னும் வார் அமைப்பு அதில் இடம்பெற்றது. அந்த மகிழுந்து முன்னோக்கிச் செல்லும் அதே வேகத்தில் பின்னோக்கியும் செல்ல வல்லது.

மூன்று எண்கள் சொல்லும் செய்தி

வாரின் முதுகில் 743-20-30 என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. முதல் எண் வெளிச்சுற்று நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கும்; இரண்டாவது மேற்பரப்பின் அகலம்; மூன்றாவது இரு பக்கச் சரிவுகளுக்கு இடைப்பட்ட கோணம். ஜி.ஒய்.6 வகை எஞ்சின் கொண்ட ஸ்கூட்டர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் குறுகிய உறை கொண்ட 125, 150 சி.சி. வண்டிகள் 743-20-30 வாரையும், நீண்ட உறை கொண்டவை 842-20-30 வாரையும் ஏற்கின்றன. எஞ்சின் ஒன்றே, கப்பிகளின் இடைத்தொலைவு வேறு. ஆகவே எஞ்சினின் கொள்ளளவை மட்டும் சொல்லி வார் வாங்குதல் பிழையாகும்.

நீளத்தைக் கணக்கிடல்

வாரின் உள்ளே வலிமையான இழைகள் ஓடுகின்றன. வார் வளையும்போது இழைகளுக்கு மேலுள்ள ரப்பர் நீள்கிறது, கீழுள்ளது சுருங்குகிறது, இழைக்கோடு மட்டும் தன் நீளம் மாறாமல் இருக்கிறது. எனவே கணக்கில் கொள்ள வேண்டியது இழைக்கோட்டின் நீளமே. இரு கப்பிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு, இழைக்கோடு அமரும் இரு வட்டங்களின் விட்டங்கள் ஆகிய மூன்றும் தெரிந்தால் நீளத்தை அறியலாம்.

இழைக்கோட்டின் நீளம் = (2 × மையத்தொலைவு) + (1.571 × விட்டங்களின் கூடுதல்) + (விட்டங்களின் வேறுபாட்டின் வருக்கம் ÷ மையத்தொலைவின் நான்கு மடங்கு)

கற்றலுக்காக ஓர் அமைப்பைக் கொள்வோம். மையத்தொலைவு 220 மி.மீ.; புறப்படும் நிலையில் முன்கப்பி வட்டம் 50 மி.மீ., பின்கப்பி வட்டம் 130 மி.மீ. எனில்,

முதற்பகுதி: 2 × 220 = 440
இரண்டாம் பகுதி: 1.571 × 180 = 282.8 
மூன்றாம் பகுதி: 6400 ÷ 880 = 7.3
மொத்தம்: ஏறத்தாழ 730 மி.மீ.

இது இழைக்கோட்டின் நீளம். கடையில் கேட்க வேண்டியதோ வெளிச்சுற்று நீளம். வாரின் முதுகுக்கு 2 மி.மீ. கீழே இழைகள் இருப்பின், 2 × 3.14 × 2 = 12.6 மி.மீ. கூட்ட வேண்டும். ஆக, வெளிச்சுற்று ஏறத்தாழ 743 மி.மீ. இந்தச் சிறு கூட்டலை மறந்தவர் 730 என்று கேட்டு, பொருந்தாத வாரோடு திரும்புவார்.

இதே வார் முன்கப்பியில் 110 மி.மீ. வட்டத்திற்கு ஏறும்போது, நீளம் மாறாமையால் பின்கப்பி வட்டம் ஏறத்தாழ 74 மி.மீ. ஆகக் குறையும். புறப்படுகையில் முன்கப்பி 2.6 முறை சுற்றினால் பின்கப்பி ஒருமுறை சுற்றும். உச்ச வேகத்தில் 0.67 முறை சுற்றினாலே போதும்.

நீளம் தவறினால்

ஸ்கூட்டரில் மையத்தொலைவை மாற்ற இயலாது. வாரை இறுக்கத் தனிக் கருவியும் இல்லை. ஆகவே பிழையை ஏற்கும் இடம் வாரே. வார் 10 மி.மீ. நீண்டுவிட்டால், மேற்கண்ட அமைப்பில் உச்ச நிலையில் பின்கப்பி வட்டம் 74க்குப் பதில் ஏறத்தாழ 80 மி.மீ. ஆக நின்றுவிடும். எஞ்சின் அதே சுழற்சியில் ஓடினும் வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு குறையும். புறப்படும்போதோ வார் தொய்ந்து துடிக்கும். வார் குறுகினால், பின்கப்பியில் முழுமையாக மேலேற முடியாது. புறப்படும் இழுவை குறையும். மேட்டில் வண்டி திணறும்.

அகலம் என்னும் மறைந்த அளவு

நீளத்தை அளப்பவர் பலர்; அகலத்தை மறப்பவரும் பலர். வார் தேய்வது பெரும்பாலும் பக்கங்களில்தான். கோணம் 30 பாகை எனில், அகலம் 1 மி.மீ. குறைந்தால் வார் தட்டுகளுக்கு இடையே 1.87 மி.மீ. ஆழம் இறங்கும். அதாவது வட்டத்தின் விட்டம் 3.7 மி.மீ. குறைகிறது. உச்ச நிலையில் 110 மி.மீ. வட்டம் 106.3 ஆகி, பின்வட்டம் ஏறத்தாழ 78 மி.மீ. ஆகிறது. 10 மி.மீ. நீளப்பிழை தரும் வேக இழப்பையே 1 மி.மீ. தேய்மானமும் தருகிறது! தேய்ந்த வாரின் அகலத்தைப் பார்த்துப் புதியதை வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். வண்டியின் கையேட்டில் புதிய வாரின் அகலமும், தேய்மான வரம்பும் தரப்பட்டிருக்கும். அவற்றையே கொள்ள வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மாவரைக்கும் எந்திரங்களில் பயன்படும் ஏ வகை ஆப்பு வார் 13 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிப்பும் 40 பாகைக் கோணமும் கொண்டது. ஸ்கூட்டர் வார் அகன்றது, உட்புறம் பற்கள் வெட்டப்பட்டது. பற்கள் வார் எளிதில் வளையவும் வெப்பம் தணியவும் உதவுகின்றன. கோணம் வேறுபட்டால் வாரின் ஓரம் மட்டுமே தட்டைத் தொடும். வழுக்கல், வெப்பம், விரைந்த தேய்மானம் ஆகியவை தொடரும்.

அளக்கும் முறையும் பொருத்தும் முறையும்

வாரின் எண் அழிந்துபோயிருப்பின், அதன் முதுகில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, சமதளத்தில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைப்பட்ட தொலைவை அளக்கலாம். அகலத்தை வெர்னியர் அளவியால் சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில், வாரை அழுத்தாமல் அளக்க வேண்டும்.

பொருத்தும்போது பின்கப்பியின் தட்டுகளைக் கையால் விலக்கி, வாரை ஆழத்தில் அமர்த்த வேண்டும். அப்போது முன்புறம் வார் தளர்ந்திருக்கும். அவ்வாறு செய்யாமல் முன்கப்பியின் மரையை முடுக்கினால், தட்டிற்கும் நடுக்குழலுக்கும் இடையே வார் சிக்கிக்கொள்ளும். மரை முடுகியதுபோலத் தோன்றும். வண்டி ஓடியதும் வார் விலக, மரை தளர்ந்து தண்டின் வரிப்பற்கள் சிதையும். பொருத்தியபின் பின்கப்பியைக் கையால் பலமுறை சுழற்றி, வார் அதன் விளிம்பருகே ஏறுவதை உறுதி செய்ய வேண்டும்.

கணக்குச் சரியா என்பதைச் சோதிக்கவும் வழியுண்டு. முன்கப்பித் தட்டின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்புவரை மைக்கோடிட்டு, மூடியைப் பூட்டி, வண்டியை ஓட்டிவர வேண்டும். எஞ்சின் குளிர்ந்தபின் திறந்து பார்த்தால், வார் ஏறிய எல்லைவரை கோடு அழிந்திருக்கும். விளிம்பருகே கோடு அகலமாக எஞ்சியிருப்பின் வாரின் அளவையோ உருளைகளின் நகர்வையோ ஆராய வேண்டும்.

தொகுப்புரை

நெடுஞ்சாலையில் வார் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே விசையிழக்கும். பின்னால் விரைந்து வரும் ஊர்திக்கு அது பேரிடர். நீளம், அகலம், கோணம் ஆகிய மூன்றையும் கையேட்டோடு ஒப்பிடச் சில நிமிடங்களே ஆகும். கண்ணளவில் ஒத்திருப்பது வேறு. அளவில் ஒத்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்வதே தொழில்நுட்ப அறிவின் முதற்படி.

கற்பவை கற்றபின்

1. மையத்தொலைவு 250 மி.மீ., வட்டங்கள் 60 மி.மீ., 140 மி.மீ. எனில் இழைக்கோட்டின் நீளத்தைக் கணக்கிடுக.
2. வாரின் அகலத் தேய்மானம் வண்டியின் வேகத்தைக் குறைப்பது எவ்வாறு? விளக்குக.
3. உங்கள் பகுதிப் பட்டறையில் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி, அவற்றிற்கு இணையான தமிழ்ச் சொற்களோடு பட்டியலிடுக.